ஏழாவது ஜன்னல்

காகித மாளிகையின் கூரையை ஒட்டி முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அண்ணி வந்து, அலமாரி மேலே இருந்த பழைய தாள் கட்டு எங்கே என்று கேட்டாள். தரையில் கிடந்த துண்டுகளைக் காட்டினேன். அவள் முகம் வெளுத்துவிட்டது.

வாராவாரம் நாங்கள் நான்கு பேரும் பார்க்கும் துப்பறியும் தொடரில் ஒரு மாளிகை வரும். அதில் ஒரு ஜன்னலில் விளக்கு எரிந்தால் ஒரு கொலை. இதுவரை ஆறு எரிந்துவிட்டன. இன்று எட்டு மணிக்குக் கடைசிப் பகுதி. அதற்குள் அந்த மாளிகையை இடுப்பு உயரத்துக்குச் செய்து, ஏழு ஜன்னலையும் எரியவிட்டுத் தொடரைப் பார்க்க வேண்டும் என்று அண்ணனும் நானும் ஒரு மாதமாகப் பாடுபட்டோம். வெட்டுவதும் ஒட்டுவதும் நான், பல்பு மாட்டுவது அவன். வீடெல்லாம் குப்பை என்று அம்மா புலம்பினாள். ஆனாலும் கொலைகாரன் தோட்டக்காரன்தான் என்று தினமும் சாதித்தாள்.

ஏழாவது ஜன்னல்தான் பெரியது. வெளிச்சம் ஊடுருவுகிற மெல்லிய முழுத் தாள் அதற்கு வேண்டியிருந்தது. அந்தக் கட்டில் அப்படி ஒன்றுதான் இருந்தது. அச்சடித்த பக்கத்தை உள்ளே திருப்பி ஒட்டிவிட்டேன். படித்துப் பார்க்கவே இல்லை.

"அது எனக்கு வந்த வேலை ஆர்டர்டி," என்றாள் அண்ணி, குரலைத் தணித்து. "ஒரிஜினலைக் காட்டினாத்தான் சேத்துப்பாங்க."

தூரத்து ஊர் ஒன்றில் நர்ஸ் வேலை. ஒன்றாம் தேதி சேர வேண்டும். அண்ணனுக்குத் தெரியாமல் அந்தக் கட்டுக்குள் ஒளித்து வைத்திருந்தாள். முன்பு ஒரு தடவை வெளியூர் வேலைக்கு அவள் மனுப் போட்டபோது அவன் மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. இன்று தொடர் முடிந்து அவன் சிரித்துக்கொண்டிருக்கும்போது தாளைக் கையில் கொடுத்துச் சொல்லிவிட நினைத்திருந்தாள்.

கூரையைத் தூக்கிப் பார்த்தேன். பசை இறுகிவிட்டிருந்தது. சுவர் கிழிகிற சத்தம் கேட்டதும் விட்டுவிட்டேன். அண்ணி கத்தி எடுக்கப் போனாள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

அண்ணன் கடைகளுக்குப் பெயர் எழுதுகிறவன். விரலெல்லாம் பெயிண்ட். நேராக வந்து ஒயரைக் கையில் எடுத்தான். குளித்துவிட்டு வரச் சொன்னாள் அண்ணி. கொலைகாரன் தனக்காகக் காத்திருக்க மாட்டான் என்றான்.

"பல்பு சூட்டுல பேப்பர் பத்திக்கப் போகுது," என்றாள் அண்ணி.

"இது சூடாகாத பல்பு. உன் அடுப்பு இல்ல."

அறை விளக்கை அம்மா அணைத்தாள். அண்ணன் சுவிட்சைப் போட்டான். ஆறு ஜன்னல்களும் மஞ்சளாக எரிந்தன. ஏழாவதில் மட்டும் கறுப்பாக, வரிவரியாக, இடம் வலம் மாறிய எழுத்துகள். அம்மா அதைத் திரைச்சீலை என்று நினைத்து மெச்சினாள். எனக்குப் போன உயிர் வந்தது. திருப்பிப் போட்ட எழுத்தை யார் படிக்கப் போகிறார்கள்?

அப்புறம்தான் உறைத்தது. கடைக்குள்ளே நின்று, தெருவில் போகிறவர்களுக்கு நேராகத் தெரியும்படி கண்ணாடியில் எழுத்துகளைத் திருப்பி எழுதுவதுதான் பத்து வருடமாக அவன் பிழைப்பு.

அண்ணன் குனிந்தான். அவன் உதடுகள் அசைந்தன. கடைசி வரியில் கொஞ்ச நேரம் நின்றன.

சட்டைப் பையிலிருந்து எழுத்து வெட்டும் பிளேடை எடுத்தான். அண்ணி என் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள். பசை தொட்ட இடத்திலிருந்து நூலளவு உள்ளே தள்ளி, நான்கு ஓரமும் அறுத்தான். ஓர் எழுத்துக்கூடச் சேதமாகவில்லை. பெயிண்ட் படாமல் நக நுனியால் தாளைப் பிடித்து அவளிடம் நீட்டினான்.

"இன்னும் ஆறு நாள்தான் இருக்கு."

"ஆமா."

"எத்தனை நாளா அந்தக் கட்டுல கெடந்துச்சு?"

"பன்னெண்டு நாள்."

"பன்னெண்டு நாள்," என்றான்.

தொடரின் இசை தொடங்கியது. அவன் தன் இடத்தில் போய் உட்கார்ந்தான். அண்ணி நின்றுகொண்டே இருந்தாள். ஜன்னல் இருந்த ஓட்டை வழியாகப் பல்பு வெளிச்சம் அவள் மேல் விழுந்தது. தோட்டக்காரன் திரையில் வந்ததும், நான் அப்போதே சொன்னேனே என்றாள் அம்மா. மற்ற யாரும் திரைப் பக்கம் திரும்பவில்லை.

வெகுநேரம் கழித்து அண்ணன் தொண்டையைச் செருமினான்.

"பஸ்ஸா, ரயிலா?"