சுகவீனர் பட்டியலில் செலின்

முகத்தைப் பார்த்தே நோயைச் சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு பெருமை உண்டு. முப்பது வருஷம் நர்ஸாக இருந்தவள் நான். ஓய்வு பெற்ற பிறகு எங்கள் செகந்திராபாத் தமிழ்ச் சபையில் வீடு சந்திப்புக் குழுவுக்கு என்னைத் தலைவியாக்கினார்கள். ஞாயிறு ஆராதனையில் போதகர் வாசித்து ஜெபிக்கிற சுகவீனர் பட்டியலை எழுதிக் கொடுப்பதும் நான்தான். பட்டியலில் பெயர் சேர்க்க என்னிடம் வந்து சொல்வார்கள். சில சமயம் யாரும் சொல்ல வேண்டியதில்லை, நானே பார்த்துச் சேர்த்துவிடுவேன். அப்படித்தான் செலின் பெயரைச் சேர்த்தேன்.

செலின், சைனிக்புரிப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் ஹாஸ்டல் வார்டன். ஐம்பத்து நாலு வயது. புருஷன் போய் ஒன்பது வருஷம், பிள்ளைகள் கிடையாது. ஹாஸ்டலில் கொடுத்திருக்கிற இரண்டு அறைதான் அவளுக்கு வீடு. ஒரு காலத்தில் கன்னம் இரண்டும் பன் மாதிரி உப்பியிருக்கும். இரண்டே வருஷத்தில் அந்தக் கன்னங்கள் எங்கே போயின என்று தெரியவில்லை. கண்ணுக்குக் கீழே குழி, வாயோரம் ஆழமாய் இரண்டு கோடுகள், கழுத்தில் புடைத்த நரம்பு, வெயிலில் காய்ந்து கறுத்த தோல். அறுபத்தைந்து என்று சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

நாங்கள் நான்கு பேர் பிரெட்டும் ஆப்பிளும் வாங்கிக்கொண்டு அவளைப் பார்க்கப் போனோம். கால் கட்டைவிரல் இரண்டிலும் நகம் கன்றிக் கறுத்திருந்தது. பேச்சுவாக்கில் அவள் கையைப் பிடித்து நாடி பார்த்தேன். நாற்பத்து நாலு. தப்பாக எண்ணிவிட்டேனோ என்று மறுபடி எண்ணினேன். நாற்பத்து மூன்று. எழுபதாவது அடிக்க வேண்டிய நாடி.

"பசி எடுக்குதா?" என்று கேட்டேன்.

"ஹவ் அக்கா, எடுக்குது, ஓயாத பசி. தின்னுக்கிட்டேதான் இருக்கேன்."

"உடம்புல ஒட்டலையே?"

"ஒட்ட மாட்டேங்குது. ஆனா எனக்கு ஒண்ணுமில்லக்கா. பிரெட்டெல்லாம் கைக்கு, எதுக்கு வாங்கிட்டு வந்தீங்க?" என்று வழக்கம்போல் ஊர் உருது கலந்து கேட்டுச் சிரித்தாள்.

பெரிய வியாதிக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் சிரிப்பார்கள். எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்! நாங்கள் சுற்றி நின்று ஜெபித்தோம், நான் அழுதேகூட விட்டேன். அடுத்த ஞாயிறு முதல் ஆறு வாரம் போதகர் அவள் பெயரை வாசித்தார், சபை மொத்தமும் கண்ணை மூடிக்கொண்டது. அவள் அந்த நேரங்களில் தலையைக் குனிந்துகொள்வாள். பாவம், மனம் உடைந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

ஏழாவது வாரம் ஜோசியா என்னை ஓரமாகக் கூப்பிட்டார். அந்தப் பள்ளியின் தாளாளர் அவர், எங்கள் சபைக்காரர்தான். செலினுக்கு ஏதோ பெரிய நோய் என்று அவரிடமும் சொல்லி வைத்திருந்தேன்.

"சிஸ்டர், நீங்க சொன்னதை கமிட்டியில வெச்சேன். அவ்வளவு பெரிய நோயோட நூறு பிள்ளைங்களை எப்படிப் பாத்துக்கும்? பேரண்ட்ஸும் கேக்கறாங்க, வார்டனுக்கு என்ன, முகம் இப்படி இருக்கேன்னு. மாசக் கடைசியோட அனுப்பிடலாம்னு முடிவு."

"அவ எங்க போவா?"

"அதான் சபை இருக்கே" என்றார்.

அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இந்தச் செய்தி கடிதமாகப் போய் அவள் கையில் விழுவதற்குள் நானே பக்குவமாகச் சொல்லிவிட வேண்டும் என்று மறுநாள் ஆறு மணிக்கெல்லாம் ஆட்டோ பிடித்து ஹாஸ்டலுக்குப் போனேன். பள்ளி இருக்கிற தெருவில் எங்களுக்கு முன்னால் ஒரு பெண் ஓடிக்கொண்டிருந்தாள். முட்டிக்கு மேல் ட்ரவுசர், முதுகோடு ஒட்டிய பனியன், ஈரத்தில் முறுக்கிக்கிடந்த பின்னல். ஏதோ காலேஜ் பெண் என்று நினைத்தேன். ஆட்டோக்காரனும் ஹாரன் அடித்து, "ஓ அம்மாயி, பக்ககு ஜருகு!" என்று சின்னப் பெண்ணாக நினைத்தே தெலுங்கில் ஒதுங்கச் சொன்னான். அவள் விலகித் திரும்பிப் பார்த்தாள்.

செலின்!

கேட்டருகே இறங்கி நின்றேன். முகத்தில் அதே குழி, அதே கோடுகள். ஆனால் அந்தக் கால்கள்! தொடைச்சதை தனித்தனியாகப் பிரிந்து தெரிந்தது. நர்ஸிங் படிக்கும்போது படத்தில் பார்த்து மனப்பாடம் செய்த தசைகளை உயிருள்ள ஒரு பொம்பளையிடம் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். முதுகு நேராக நின்றது. இருபத்தெட்டு கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்திருக்கிறாளாம். மூச்சு வாங்கவில்லை. கீசரா ரோட்டுப் பக்கம் ஒரு ஏரிவரை போய் வந்ததாக, கடைக்குப் போய் வந்தவள் மாதிரிச் சொன்னாள்.

"உதவி வார்டன் மூன்றரைக்கு வந்து பிள்ளைங்களைப் பாத்துக்குவா, அதுக்கப்புறம்தான் கிளம்புவேன்" என்றாள். "புருஷன் போன பிறகு அந்த நேரத்துக்கு முழிப்பு வந்துடும்க்கா. சும்மா படுத்து அழுதுட்டு இருந்தேன். அப்புறம் நடந்தேன். அப்புறம் ஓடினேன். இப்போ வாரத்துக்கு எழுபது கிலோமீட்டர். வர்ற ஞாயிறு மாரத்தான் ஓடறேன்."

"நாடி நாற்பத்து நாலு அடிக்குதேடி!"

"ஓடறவங்களுக்கு அப்படி நிதானமா அடிக்குமாம். டாக்டர் எல்லாம் பாத்துட்டு, சரியா இருக்குன்னுட்டார். நகம் ஷூ இடிச்சது. கன்னத்துக் கொழுப்பு முதல்ல போயிடுச்சு, மிச்சத்தை லீவு நாள் ஓட்டத்து வெயில் பாத்துக்கிச்சு."

"சொல்ல வேண்டியதுதானே?"

"ட்ரவுசர் போட்டு ஓடறேன்னு சபையில சொன்னா நீங்க என்ன சொல்லியிருப்பீங்க?"

நியாயம்தான். முதல் வாய் என் வாயாகத்தான் இருந்திருக்கும்.

வேலை போகிற செய்தியை அவளிடம் சொல்லாமலே நேராக ஜோசியாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். மனிதர் நம்பவில்லை. டாக்டர் சர்டிபிகேட் காட்டினால் போதுமா என்று கேட்டதற்கு, "சர்டிபிகேட்டை யாரு பாக்கறா? எல்லாரும் முகத்தைத்தான் பாப்பாங்க. நீங்க நர்ஸு, நீங்களே முகத்தைப் பாத்துத்தானே சொன்னீங்க?" என்றார்.

செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. "அப்போ வர்ற ஞாயிறு மாரத்தானுக்கு வாங்க. முகத்தைப் பாத்தது போதும், காலைப் பாருங்க" என்றேன்.

"ஞாயிறா? ஆராதனை?"

"நான் வரப் போறதில்ல."

நாற்பது வருஷத்தில் நான் ஆராதனைக்கு வராத ஞாயிறு கிடையாது என்பது அவருக்குத் தெரியும். அந்த அதிர்ச்சியிலேயே வருகிறேன் என்று ஒப்புக்கொண்டார்.

ஆகஸ்ட் மாதத்துப் புழுக்கம். கச்சிபௌலிப் பக்கம் ஒரு மேம்பாலம் ஏறுகிற இடத்தில் நின்றோம். முப்பத்தெட்டாவது கிலோமீட்டர் என்று பலகை வைத்திருந்தார்கள். ஓடிவருகிற ஜனத்தைப் பார்த்தால் பாவமாக இருந்தது. வாட்டசாட்டமான இளவட்டங்கள் மேட்டைப் பார்த்ததும் நடக்க ஆரம்பித்தார்கள். ஒருவன் தடுப்புக்கம்பியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான். ஜோசியா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சபையில் முதல் பாட்டு பாடுகிற நேரம்.

அப்போது செலின் வந்தாள். வேகம் என்று சொல்ல முடியாது. ஆனால் நிற்கவில்லை, நடக்கவில்லை. மேடு ஏறும்போதும் அதே அடி, அதே தாளம். முகம் உப்புப் பூத்து வெளுத்திருந்தது, எலும்பும் தோலுமாய், இன்னும் பத்து வயது கூடியிருந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இந்த முகத்தையா சாகப்போகிற முகம் என்றேன்? தேவையில்லாத ஒரு துளிகூட மிச்சமில்லாத முகம் அது. எல்லாவற்றையும் கால்களுக்குக் கொடுத்துவிட்டிருந்தாள். கர்த்தாவே, ஐம்பத்து நாலு வயது உடம்புக்குள் இவ்வளவையா வைத்திருக்கிறீர் என்று வாய்விட்டே சொன்னேன்.

"செலின்! செலினம்மா!" என்று கத்திக்கொண்டு ஜோசியா தடுப்பைத் தாண்டி அவள் பின்னால் ஓடினார். என்னத்தைச் சொல்லப் போனாரோ. இருபது அடி ஓடியிருப்பார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். அவள் திரும்பவே இல்லை, மேட்டின் உச்சிக்குப் போய் மறைந்தாள்.

அவர் திரும்பி வந்து மூச்சு அடங்கவே நேரமானது. "கமிட்டிக்கு நான் பேசிக்கறேன் சிஸ்டர். கடிதம் கிடையாது. பேரண்ட்ஸ் யாராவது முகத்தைப் பத்திக் கேட்டா, அவங்களையும் இங்க கூட்டிட்டு வரேன்" என்றார்.

முடிகிற இடத்தில் செலின் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார எனக்கு முட்டி இடம் கொடுக்கவில்லை. நின்றுகொண்டே சொன்னேன்.

"உன் பேரைப் பட்டியல்ல சேர்த்தது நான்தான். அதனாலதான் உன் வேலைக்கே ஆபத்து வந்துச்சு. இப்போ சரியாயிடுச்சு. ஆனா என்னை மன்னிச்சிடு."

"சேர்த்தது நீங்கதான்னு தெரியும்க்கா."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தே?"

அவள் பழத்தை மென்று விழுங்கினாள்.

"அவர் போனதுக்கப்புறம் எம் பேரைச் சொல்லி யாருமே ஜெபம் பண்ணதில்லக்கா. முதல் வாரம் எந்திரிச்சு, எனக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லத்தான் நெனச்சேன். அப்புறம் சபையே கண்ணை மூடிச்சா, சொல்ல மனசு வரல. இன்னைக்கு முப்பத்திரண்டாவது கிலோமீட்டர்ல கால் ரெண்டும் மரத்துப்போச்சு. உக்காந்துடலாம்னு இருந்துச்சு. ஆறு வார ஜெபம் எனக்காகச் சேர்ந்து கிடக்கே, அதை எடுத்து ஓடுவோம்னு ஓடினேன்."

"அடுத்த வாரம் உன் பேரை எடுத்துடறேன்" என்றேன்.

"நக்கோ அக்கா, எடுக்காதீங்க" என்றாள் செலின். "டிசம்பர்ல இன்னொண்ணு ஓடணும். அதுவரைக்கும் இருக்கட்டும்."