விளக்குக்காரி

நாற்பது சீட்டுகளில் விளக்குக்காரி இரண்டு பேர். இருவரில் ஒருத்திகூட ஜஹீராவின் கைக்கு வந்துவிடக் கூடாது என்று அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றபடி துஆ கேட்டுக்கொண்டிருந்தேன். என் மனைவி ஜெயித்தாலும் சரி, தோற்றாலும் சரி. அந்தச் சீட்டு வெளியே வராமல் ஆட்டம் முடிந்தால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணி. மேற்குத் தாம்பரத்தில் ஒரு பேக்கரியின் மாடி. கீழே ரஸ்க் வேகும் வாசனை. மேலே ஆறு மேஜைகள், ஒவ்வொன்றிலும் எதிரெதிராக இருவர். கடைக்காரர் ஸ்ரீநிவாசராகவன் கம்ப்யூட்டர் வேலையை உதறிவிட்டு விளையாட்டுச் சீட்டுகள் விற்க வந்தவர். வாரம் ஒருநாள் வாடிக்கைக்காரர்களை உட்காரவைத்து மோத விடுவார். ஜஹீராவுக்கு எதிரில் தேவதர்ஷினி என்றொரு கல்லூரிப் பெண். பெரிய கண்ணாடி, நகத்தில் உதிர்ந்த நீலச் சாயம். ஆட்டத்தின் இருபது உயிரில் அவளுக்கு ஒன்பது மிச்சம், ஜஹீராவுக்குப் பதினாறு. ஜஹீரா முதல் தடவையாக வெளியாளோடு ஆடுகிறாள், அதற்குள் இந்த நிலைமை. பக்கத்து மேஜைக்காரர்கள் தங்கள் ஆட்டத்தை விட்டுவிட்டு எட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள்.

எனக்கு மட்டும் முதுகில் வியர்த்தது.

ஒன்பது வருடமாக வீட்டில் நாங்கள் இருவர்தான். ஊரப்பாக்கத்தில், ரயில் சத்தம் கேட்கிற தூரத்தில் ஃபிளாட். நான் பல்லாவரத்தில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் நாள் முழுக்க இங்கிலீஷில் மெயில் அடிப்பவன். ஜஹீரா அனகாபுத்தூர்க்காரி, தமிழ் மீடியத்தில் பிளஸ் டூ. இங்கிலீஷை எழுத்துக் கூட்டி ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை படிப்பாள். அதற்கு மேல் போனால் என்னிடம் நீட்டிவிடுவாள். பாங்க் கடிதம், மிக்ஸியின் கியாரண்டி அட்டை, ஆஸ்பத்திரி ரிப்போர்ட் எல்லாம் என் வாய் வழியாகத்தான் அவளுக்குப் போகும். ஃபோனைக் காட்டினால் அதுவே தமிழில் சொல்லிவிடும் என்பது அவளுக்கும் தெரியும். 'மச்சான் இருக்கச்சொல்ல ஃபோன் இன்னாத்துக்கு?' என்பாள். அந்த வீட்டில் எனக்கென்று இருந்த பெருமை அது ஒன்றுதான். மற்ற எதை எடுத்தாலும் என்னைவிட அவள் ஒரு படி மேல்.

போன வருடம் பைக்கிலிருந்து விழுந்து, கால் கட்டோடு ஒரு மாதம் கிடந்தபோதுதான் சீட்டு ஆரம்பித்தது. தெருப்பக்கத்து ஜன்னல் திரையை இழுத்துவிட்டு ஆடுவோம். அவள் அண்ணன் ஜலால் பார்த்துவிட்டால், காசு வைக்காவிட்டாலும் சீட்டு சீட்டுதான் என்று குதிப்பார். ரம்மியில் தோற்றேன். நம்பர் சீட்டில் தோற்றேன். ஒரு தடவை பார்த்த சீட்டு அவளுக்கு மறக்காது. விழுந்தது என்ன, மிச்சம் என்ன, என் கையில் ஒளிந்திருப்பது என்ன, எல்லாம் சொல்லிவிடுவாள். வரிசையாகப் பதினாலு ஆட்டம் தோற்ற அன்று, தங்கை கைனாத்திடம் ஃபோனில் சிரித்துக்கொண்டிருந்தாள். "அவரு பாவம்டீ. ஒக்காந்தாலே தோத்துடறாரு. நானே ஒண்ணு ரெண்டு விட்டுக் குடுக்கலாமான்னு பாக்கறேன்."

பாவம். அந்தச் சொல் சமையலறையிலிருந்து நேராக வந்து என் நெஞ்சில் உட்கார்ந்தது.

கால் சரியானதும் முதல் வேலையாக ராகவன் சாரின் கடைக்கு வந்தேன். ரெண்டே பேர் நேருக்கு நேர் மோதுகிற மாதிரி வேண்டும் என்றேன். மூன்று பெட்டிகளை எடுத்துப் போட்டார். ஒன்றில் வெறும் எண்கள். ஒன்றில் பூ, மீன், பறவைப் படங்கள், எழுத்தே கிடையாது. "மிஸஸ் கூடவா? அப்ப இதை எடுத்துக்குங்க சார். பத்து நிமிஷத்துல கத்துக்கலாம்." மூன்றாவதைக் கொஞ்சம் தள்ளியே வைத்திருந்தார். கப்பல்களும் மாலுமிகளும் மோதுகிற ஆட்டம். ஆளுக்கு இருபது உயிர். எதிராளியின் இருபதையும் முதலில் கரைப்பவர் ஜெயித்தவர். "இதுல ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு ரூல் சார். கீழ பாருங்க, மூணு மூணு வரி இங்கிலீஷ். பாக்கெட் பாக்கெட்டா வாங்கிச் சேர்த்து, உங்க நாப்பதை நீங்களே பொறுக்கிக்கணும். இங்கிலீஷ் படிக்க வரலேன்னா இது கஷ்டம்."

"இதையே குடுங்க."

யோசிக்காமல் வாங்கிவிட்டேன் என்று சொல்ல ஆசைதான். அவருடைய கடைசி வாக்கியம் காதில் விழுந்த பிறகுதான் என் கை நீண்டது.

ஜஹீராவுக்கு அந்தச் சீட்டுகளின் மேல் அப்படி ஒரு மோகம். பாக்கெட்டைப் பிரித்ததும் மெத்தையில் பரப்பி ஒவ்வொன்றுக்கும் பேர் வைப்பாள். ஒற்றைக்கண் மாலுமி 'பெரியத்தா'. முகப்பில் சுறா வாய் வரைந்த கப்பல் 'ஷேர் ஆட்டோ'. அப்புறம் என்னிடம் நீட்டுவாள், "படிங்க மச்சான்." ஒரு தடவை படித்தால் போதும். மறுபடி கேட்க மாட்டாள். அந்த ஞாபக சக்திதான் என்னைப் பதினாலு தடவை தோற்கடித்தது. எனக்கு வசதியாகப் போனதும் அதுவேதான். ஒரு பொய்யை ஒரே ஒரு முறை சொன்னால் போதும்.

படகின் முனையில், முக்காடு போட்டு, லாந்தரைத் தூக்கிப் பிடித்து நிற்கும் ஒரு பெண். "இவளப் பாருங்களேன், நம்ம ஜாடையா கீறா!" என்று குதித்தாள். படத்துக்குக் கீழே இருந்தது இதுதான்: இந்தச் சீட்டை இறக்கினால் எதிராளியின் கையிலிருப்பதைப் பார்க்கலாம், அதில் பிடித்த ஒன்றைத் தூக்கி எறியச் செய்யலாம். பயங்கரமான சீட்டு. நான் படித்தேன்: "இதை எறக்கினா, உன் கையில இருக்கறதுல ஒண்ணை நீயே கீழ போட்டுடணும்." என் குரல் கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை. ஆபீஸ் மெயில் படிக்கிற அதே குரல்.

"அய்யோ, செலவுக்காரி!" என்றாள். ஒதுக்கிவிடுவாள் என்று நினைத்தேன். முகம் பிடித்துப்போய்விட்டது அவளுக்கு. அடுத்த மாதமே இன்னொரு விளக்குக்காரியும் கிடைக்க, இரண்டு பேரையும் தன் சீட்டுக்கட்டில் சேர்த்துக்கொண்டாள். ஏழு மாதம். விளக்குக்காரியை இறக்கும் ஒவ்வொரு தடவையும் கையில் இருக்கும் நல்ல சீட்டு ஒன்றை எடுத்து, என் கண்ணெதிரே கீழே போட்டாள். "இவளுக்குச் சோறு போட்டுத்தானே ஆவணும்" என்பாள்.

அவளுடைய நாற்பதில் பதினொன்றை அப்படிப் படித்துக் காட்டியிருந்தேன். மற்றதெல்லாம் ஒழுங்காகத்தான். மாற்றியதில், மேஜையில் வைத்ததுமே வெளியாளுக்குத் தெரிந்துபோகிற தப்பு விளக்குக்காரி ஒருத்திதான். பத்துக்கு எட்டு ஆட்டம் ஜெயித்தேன். ஜெயித்த மறுநாள் மறக்காமல் பரோட்டா வாங்கி வந்தேன். 'நம்ம மச்சானுக்கு இந்த ஆட்டம்தான் ராசி' என்று கைனாத்திடம் அவள் பெருமையாகச் சொன்னதை, டி.வி. சத்தத்தைக் கூட்டிவிட்டு, கேட்காதவன் போல இருந்தேன்.

"எத்தினி நாளு உங்க கூடவே ஆடறது? மூஞ்சியே பேஜாரா கீது. வெளியாளோட ஒரு ஆட்டம் போடணும்" என்று போன வாரம் ஆரம்பித்தாள். மழை வரும் என்றேன், கடை மூடியிருக்கும் என்றேன். அவளே ராகவன் சாருக்கு ஃபோன் செய்து கேட்டுவிட்டாள்.

இப்போது பேக்கரி மாடியில் ஜஹீரா அடுத்த சீட்டை உருவினாள். தோள் லேசாக நிமிர்ந்தது. ஒன்பது வருடம் பார்த்த தோள். விளக்குக்காரி வந்துவிட்டாள்.

"ஜஹீ, ஆறு மணி வண்டியைப் புடிக்கணும். போதும், வா."

"அடுத்த வண்டில போலாம் மச்சான். கம்முனு இருங்க."

விளக்குக்காரியை மேஜையில் வைத்தாள். தன் கையைப் பார்த்து யோசித்து, ஷேர் ஆட்டோவை எடுத்துக் கீழே போட்டாள்.

"அக்கா, என்ன பண்றீங்க? உங்க கார்டை ஏன் போடறீங்க?" என்றாள் தேவதர்ஷினி.

"இவளுக்குப் போடணும்ல?"

"யாரு சொன்னா?" அந்தப் பெண் விளக்குக்காரியைத் தன் பக்கம் திருப்பி, வரிகளுக்கு அடியில் விரலை ஓட்டினாள். "எதிர்ல இருக்கறவங்க கையைப் பாக்கலாம்னு போட்டிருக்கு. அதுல ஒண்ணை நீங்க தூக்கிடலாம். போகவேண்டியது என் கார்டு அக்கா, உங்களது இல்ல. இந்தக் கார்டுக்காகவே ஆளுங்க பாக்கெட் பாக்கெட்டா பிரிப்பாங்க, தெரியுமா?"

பக்கத்து மேஜைகள் திரும்பின. ராகவன் சார் என்ன தகராறோ என்று எழுந்து வந்தார். ஜஹீரா திரும்பிப் பார்க்கவில்லை. கறுப்பு முக்காட்டின் பின்பக்கம் மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அது அசையவே இல்லை. பிறகு அவள் குரல் வந்தது, ரொம்ப சாதாரணமாக.

"நான்தாம்மா தப்பா படிச்சிகினேன். எனக்கு இங்கிலீஷ் அவ்ளோவா வராது."

ஏழு மாதத்தில் அவள் ஒரு வரி படித்ததில்லை. எனக்காகத்தான் அத்தனை பேர் முன்னால் தன்னைக் குறைத்துக்கொண்டாள். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். சும்மாவாவது நின்றிருக்கலாம். ராகவன் சார் சிரித்தபடி, "சார், நீங்க சொல்லித் தரலையா?" என்று கேட்டார். என் வாய் தானாகத் திறந்தது.

"சொன்னேன் சார். எங்க கேக்கறா? படத்தைப் பாத்தே ஆடுவா!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் சிரிப்பு மட்டும் எனக்குத் தனியாகக் கேட்டது.

அப்போதுதான் ஜஹீரா திரும்பினாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். அடையாளம் தெரியாத ஆளிடம் வழி கேட்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற மாதிரி ஒரு பார்வை. இரண்டு விநாடி. திரும்பிக்கொண்டாள்.

"பரவால்லக்கா, அதைத் திருப்பி எடுத்துக்குங்க" என்று தேவதர்ஷினி தன் கையை விரித்துக் காட்டினாள். ஜஹீரா நிதானமாகப் பார்த்து, இருப்பதிலேயே பெரிய சீட்டைத் தொட்டாள். அடுத்த மூன்று சுற்றில் ஜெயித்து ஆட்டத்தை முடித்தாள்.

"செமக்கா! எவ்ளோ நாளா ஆடறீங்க?"

"ஏழு மாசமா. தோத்துகினே கீறேன்."

தேவதர்ஷினிக்குக் கூடுவாஞ்சேரி, எங்களுக்கு அடுத்த ஸ்டேஷன். ஒரே வண்டி. தாம்பரம் ஸ்டேஷனில் அவள் டிக்கெட் வரிசையில் நிற்க, எங்களிடம் ரிட்டர்ன் இருந்ததால் நாங்கள் படிக்கட்டு ஓரத்தில் ஒதுங்கினோம். மூட்டை முடிச்சோடு ஜனம் எங்களை இடித்துக்கொண்டு இறங்கியது.

"எத்தினி?" என்றாள், முன்னால் பார்த்தபடி.

"பதினொண்ணு."

தலையாட்டினாள். கைப்பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "சீட்டு மட்டுமா?" என்றாள்.

"என்ன ஜஹீ?"

"நாலு வருசம் மின்ன, ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டு. உங்ககிட்டயும் கோளாறு இல்ல, என்கிட்டயும் இல்ல, பொறுத்துப் பாக்கச் சொல்லிருக்காங்கன்னு படிச்சீங்களே."

"அல்லா அறிய, அதுல அப்படித்தான் இருந்துச்சு. ஒரு எழுத்து மாத்தல ஜஹீ."

அது உண்மை. சத்தியமான உண்மை. ஆனால் அதைச் சொன்ன என் குரல் எனக்கே பழக்கமாக இருந்தது.

"விளக்குக்காரியையும் இதே மூஞ்சிய வச்சிகினுதான் படிச்சீங்க" என்றாள்.

வண்டியில் எதிர் எதிர் சீட் கிடைத்தது. அவளும் தேவதர்ஷினியும் அந்தப் பக்கம். நான் இந்தப் பக்கம். வண்டி நகர்ந்ததும் ஜஹீரா கைப்பையிலிருந்து சீட்டுக்கட்டை எடுத்தாள்.

"தேவி, ஒரு ஒதவி. இதெல்லாம் ஒண்ணொண்ணா படிச்சித் தமிழ்ல சொல்றியா?"

"எல்லாமேவா? நாப்பதுமா?"

"எல்லாம்."

அந்தப் பெண் உற்சாகமாகத்தான் ஆரம்பித்தாள். கேட்டுவிட்டு ஜஹீரா ஒவ்வொரு சீட்டையும் மடியில் வைத்தாள். நான் சரியாகப் படித்தது இடது தொடையில், தப்பாகப் படித்தது வலது தொடையில். பெருங்களத்தூர் வருவதற்குள் வலது பக்கம் நாலு. ஆறாவது சீட்டு அங்கே போனபோது தேவதர்ஷினி நிறுத்தினாள். "அக்கா, இதையும் உல்டாவாதான் வச்சிருந்தீங்களா?" 'ம்' என்றாள் ஜஹீரா. கண்ணாடிக்குள்ளிருந்து அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். கடையில் நான் சொன்னதும் சிரித்ததும் அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். அதற்கப்புறம் என் பக்கம் அவள் கண்ணைத் திருப்பவே இல்லை. குரல் மட்டும் தணிந்து, ஒவ்வொரு சொல்லாக, கவனமாக வந்தது.

இடது அடுக்குதான் உயரம். அதை அவள் பார்க்க வேண்டும் என்று தவித்தேன். ஒழுங்காகப் படித்த சீட்டு வரும்போதெல்லாம், பாரு, இது சரிதானே என்று உள்ளுக்குள் கெஞ்சினேன். அதை வைக்கும்போதும் அவள் முகம் மாறவில்லை. வண்டலூரில் கூட்டம் ஏறியது. சுண்டல்காரர் ஒருவர் எங்கள் முழங்கால்களுக்கு நடுவே புகுந்து போனார். வலது பக்கம் எட்டு. அப்புறம் ஒன்பது.

ஊரப்பாக்கம் வந்தது. எழுந்தேன். "ஜஹீ, எறங்கணும்."

யாரும் கேட்ட மாதிரி தெரியவில்லை. இறங்குகிறவர்கள் என்னைத் தள்ளிக்கொண்டு இறங்கினார்கள், ஏறுகிறவர்கள் ஏறினார்கள். அவள் கையில் இன்னும் ஏழெட்டுச் சீட்டுகள் மிச்சம். அதில் நான் மாற்றிப் படித்த இரண்டு எவை என்று எனக்குத் தெரியும். வண்டி ஒரு குலுக்கலோடு கிளம்பியது. எங்கள் ஸ்டேஷனின் மஞ்சள் பலகை ஜன்னலில் மெல்ல நகர்ந்து, அவள் தலைக்குப் பின்னால் போய் மறைந்தது. நான் மேலே தொங்கிய கைப்பிடியைப் பிடித்தபடி நின்றிருந்தேன். வாசல் வழியாகக் காற்று அடித்தது. வலது தொடையில் இருந்த சீட்டுகள் பறக்காமல் உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு, ஜஹீரா அடுத்த சீட்டை அந்தப் பெண்ணிடம் நீட்டினாள்.