சைடு டிரம்மின் கீழ் விளிம்பு

1

அன்று கடையில் இருந்தவர்கள்: பேண்டு செட்டின் உரிமையாளரான என் அண்ணன் சுந்தரராஜ். அவர் மனைவியும் என் மதினியுமான ஞானபூரணம். செட்டில் சைடு டிரம் வாசிக்கும் நல்லக்கண்ணு. பாத்திரக் கடைத் தெருவில் பித்தளை வேலை செய்யும் பரமசிவன். பனவடலிசத்திரத்திலிருந்து பஸ் ஏறி வந்த முருகம்மாள். ஆறாவதாக, கிளாரினெட் வாசிக்கும் நான். வேறு யாரும் இல்லை. தானும் இருந்ததாக இன்று சொல்லிக்கொள்ளும் பதினைந்து பேரில் ஒருவர்கூட இல்லை.

இது கதையாகத் தொடங்கவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இங்கிலாந்தில் உள்ள ஒரு டிரம் கம்பெனிக்குக் கடிதமாகத் தொடங்கியது. "ஐயா, 1928-ஆம் ஆண்டு தங்கள் தொழிற்சாலையில் செய்யப்பட்ட சைடு டிரம்மில் உள்ள" என்பது வரை எழுதினேன். அடுத்த சொல் என்னவென்று எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் குடும்பத்தில் யாரும் அந்தச் சொல்லை அந்த டிரம்மோடு சேர்த்துச் சொன்னதில்லை. கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். இனி அதை "அந்தச் சங்கதி" என்றே எழுதுவேன். கம்பெனிக்காரனிடம் அப்படி எழுத முடியாது. வாசகரிடம் எழுதலாம்.

(கம்பெனியின் பெயர் டிரம்மில் பொறித்திருக்கிறது. அதை இங்கே சொல்ல மாட்டேன். நம் பெயரைக் காப்பதற்காக இன்னொருவர் பெயரைக் கெடுப்பது எங்கள் வீட்டு வழக்கமில்லை.)

2

தொடக்கம், முதல் முயற்சி: "ஆடித்தபசுக் கூட்டத்தில் நிற்க இடமில்லாத அந்த"

வேண்டாம். சங்கரன்கோவிலைப் பற்றி எழுத உட்காருகிறவர்கள் எல்லாரும் தபசுக் கூட்டத்தில்தான் தொடங்குகிறார்கள். இது நடந்தது 1979 புரட்டாசியில், ஒரு புதன்கிழமை காலையில். கடையில் ஈ கூட இல்லை.

இரண்டாம் முயற்சி: "எங்கள் அப்பாவுக்கு இசை ஞானம்"

அப்பாவுக்குக் காது மந்தம். [இந்த வரியை அச்சுக்குப் போகும் முன் அடித்துவிட வேண்டும்.]

மூன்றாம் முயற்சி. 1948-இல் மலைமேல் ஒரு தேயிலைத் தோட்டத்து கிளப்பை மூடிவிட்டு வெள்ளைக்காரர்கள் கப்பலேறினார்கள். அவர்களுடைய சாமான்களை ஏலம் விட்டபோது அப்பா அந்த சைடு டிரம்மை எடுத்துவந்தார். தோளில் மாட்டி இரண்டு குச்சிகளால் வாசிப்பது. பித்தளை உடம்பு, அதன்மேல் நிக்கல் பூச்சு, மேலே ஒரு தோல், கீழே ஒரு தோல். கீழ்த்தோலை ஒட்டி மெல்லிய கம்பிகள் குறுக்கே ஓடும். அடிக்க அடிக்க அவை சரசரக்கும். அடி நின்றால் அவையும் நிற்க வேண்டும்.

எங்கள் டிரம்மில் நிற்காது. கிளாரினெட், டிரம்பெட், பெரிய டிரம் எல்லாம் ஒரே வெட்டாக நின்ற பிறகும் அது மட்டும் மூன்று விநாடி "ஸ்ர்ர்ர்" என்று இழுத்துக்கொண்டிருக்கும். இதுதான் அந்தச் சங்கதி.

வெள்ளைக்காரன் காரணமில்லாமல் எதையும் செய்ய மாட்டான் என்று அப்பா முடிவு கட்டினார். செட்டுக்கு ஒரு விதி போட்டார்: பாட்டு முடிந்ததும் டிரம் ஓயும் வரை பன்னிரண்டு பேரும் அசையாமல் தலை குனிந்து நிற்க வேண்டும். கல்யாண வீடுகளில் அதைப் பெரிய மரியாதை என்று எடுத்துக்கொண்டார்கள். எங்களைப் பார்த்து வேறு ஊர் செட்டுக்காரர்களும், தங்கள் டிரம் ஒழுங்காக நின்ற பிறகும், மூன்று விநாடி தலை குனியத் தொடங்கினார்கள். எதற்காகக் குனிகிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது. நாங்கள் சொல்லவும் இல்லை.

3

இனி அண்ணனைச் சுந்தரராஜ் என்றே எழுதுகிறேன். அண்ணன் என்று எழுதினால் பேனா அவர் பக்கம் சாய்கிறது.

அந்த ஆவணியில் வாசுதேவநல்லூரில் ஒரு கல்யாணம். பாட்டு முடிந்து பன்னிரண்டு பேரும் தலை குனிந்து நிற்கையில், மாப்பிள்ளையின் தாய்மாமன், பட்டாளத்து பேண்டில் இருந்து ஓய்வு பெற்றவர், எல்லார் முன்னாலும் கேட்டார்: "உங்க டிரம்ல என்னவே கோளாறு?"

முப்பத்தொரு வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. சுந்தரராஜுக்கு யோசிக்க நேரமில்லை. வாய் தானாகச் சொன்னது: "டிரம்ல ஒரு கோளாறும் கிடையாது. வாசிக்குத பயலுக்கு எடது கையில லேசா நடுக்கம்."

பந்தலில் முருகம்மாள் இருந்தாள். தன் மகள் அன்னக்கிளியை நல்லக்கண்ணுவுக்குக் கொடுப்பதாகப் பேசி முடித்திருந்தவள். நல்லக்கண்ணு பகலில் விசைத்தறியில் வேலை பார்க்கிறவன். அறுந்த இழையை முடிந்து முடிந்து பிழைக்கிறவனுக்குக் கை நடுங்குகிறது என்றால் பிறகு என்ன இருக்கிறது? முருகம்மாள் வெற்றிலை மாற்றுவதைத் தள்ளிப்போட்டாள். தாய் தகப்பன் இல்லாத நல்லக்கண்ணுவின் சார்பில் வெற்றிலை மாற்ற வேண்டியிருந்தவர் யாரென்றால், அதே சுந்தரராஜ்தான்.*

(* இதைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். விட்டால் கதை நொண்டுகிறது.)

அந்தப் புதன்கிழமை நல்லக்கண்ணு பரமசிவனைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தான். பரமசிவன் கையில் ஒரு டார்ச் லைட்டும் சட்டம் போடாத கண்ணாடிப் பலகையும்.

"அண்ணாச்சி, என் கையைப் பத்திச் சொன்னதை மாத்திச் சொல்லுங்க. இல்லன்னா டிரம்மை இவரு பாக்கட்டும்," என்றான் நல்லக்கண்ணு.

"பாக்கட்டுமே," என்றார் சுந்தரராஜ். அப்பா வாங்கியதில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்ற தைரியம்.

பரமசிவன் இரண்டு தோலையும் கம்பிகளையும் கழற்றி, வெறும் உடம்பைக் கண்ணாடிமேல் கவிழாமல் நிறுத்தினார். கதவைச் சாத்திவிட்டு உள்ளே டார்ச்சை எரியவிட்டார். கீழ் விளிம்பில் இரண்டு இடத்தில் வெளிச்சம் கசிந்தது.

"அண்ணாச்சி, குனிஞ்சு பாருங்க."

சுந்தரராஜ் குனியவில்லை. "நீரே சொல்லும்வே."

"கம்பி படுக்கதுக்கு ரெண்டு பள்ளம் வெட்டியிருக்கான். ரெண்டும் நேருக்கு நேரா இருக்கணும். இதுல ஒண்ணு மட்டும் ரெண்டு விரக்கடை அகலம் தள்ளி இருக்கு. கம்பி கோணலாக் கெடக்கு. அதான் அடங்க மாட்டாம இழுக்கு."

"எவனாவது கீழ போட்டிருப்பான்."

"கீழ விழுந்தா நசுங்கும். பள்ளம் எடம் மாறுமா? அதோட, நிக்கல் பூச்சு பள்ளத்துக்குள்ளயும் இருக்கு. வெட்டின பொறவுதான் பூசியிருக்கான். பொறக்கும்போதே இப்படித்தான் அண்ணாச்சி."

"வெள்ளைக்காரன் தப்பா வெட்டுவானாவே?"

"அவனும் திங்கக்கிழமை காலையில கொட்டாவி விட்டுக்கிட்டு வேலைக்கு வந்தவன்தான? அரம் இருக்கு. அரை மணி நேரத்துல சரி பண்ணிருதேன்."

சுந்தரராஜ் டிரம்மின்மேல் கையை வைத்தார். "எங்கப்பா வாங்குனதுல அரம் படாது."

அவருக்குள் ஓடியது இதுதான் (எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள், எனக்குள்ளும் அதேதான் ஓடியது): பரமசிவன் சொல்வது சரியென்றால், எங்கள் அப்பா ஏமாந்தவர். பன்னிரண்டு பேர் முப்பத்தொரு வருடமாக ஒரு பிழைக்குத் தலை குனிந்தவர்கள்.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு முருகம்மாள் வந்தாள்.

[முருகம்மாளைக் கொஞ்சம் அடக்கமானவளாக எழுதிப் பார்த்தேன். அவள் சம்மதிக்கவில்லை. வாயைத் திறந்தால் அவளாகவே ஆகிவிடுகிறாள்.]

"இப்பத்தான் தறிக்கொட்டகையில போயி விசாரிச்சிட்டு வாரேன்," என்றாள். "மத்தவன் ஒரு இழை முடியதுக்குள்ள இவன் மூணு முடியுதானாம். நீங்க நடுக்கம்னீங்க. நான் யாரை நம்ப? எம்பொண்ணைக் குடுக்கவா வேண்டாமா, இன்னைக்கு எனக்குத் தெரியணும் அண்ணாச்சி."

4

முடிவு, முதல் வகை. "கோளாறு டிரம்மில்தான் அம்மா, பையன் கை தங்கம்" என்று சுந்தரராஜ் தழுதழுத்த குரலில் சொல்கிறார். இதை எழுதி மதினியிடம் வாசித்துக் காட்டினேன். "இவரா? தழுதழுத்தாரா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். அடித்துவிட்டேன்.

இரண்டாம் வகை. சுந்தரராஜ் பிடிவாதமாக நிற்க, கல்யாணம் நின்றுபோகிறது. இதை எழுதவே கை வரவில்லை. என் அண்ணன் பிடிவாதக்காரர்; பாவி இல்லை.

நடந்தது இது. பரமசிவன் தோல்களையும் கம்பிகளையும் பழையபடி மாட்டிக் கொடுத்தார். முருகம்மாள் சொன்னாள்: "அண்ணாச்சி, நீங்களே ஒருக்க அடிங்க. உங்க கைதான் நல்ல கையாச்சே."

சுந்தரராஜ் டிரம்மைத் தோளில் மாட்டினார். பத்து வருடமாகக் குச்சி பிடிக்காதவர், ஆனாலும் ஜோராக வாசித்து வெட்டி நிறுத்தினார்.

ஸ்ர்ர்ர்.

பழக்க தோஷத்தில் நானும் நல்லக்கண்ணுவும் தலை குனிந்தோம். முருகம்மாள் குனியவில்லை.

"உங்களுக்கும் நடுக்கம் உண்டோ அண்ணாச்சி?"

சுந்தரராஜுக்கு இரண்டு வழி இருந்தது. டிரம்மைச் சொல்லலாம். இல்லையென்றால் தன் கையைச் சொல்லலாம்.

"ஆமா," என்றார். "எனக்கும் லேசா உண்டு."

"இருவத்தாறு வருசமா எனக்கு இது தெரியாமப் போச்சே," என்ற மதினி, அவர் கையிலிருந்து குச்சிகளை வாங்கி நாலு தட்டு தட்டினார். ஸ்ர்ர்ர். "அட, எனக்கும் உண்டு. நீங்களும் பாருங்க முருகம்மா."

முருகம்மாள் அடித்தாள். ஸ்ர்ர்ர். தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இந்தக் கையாலதான் நேத்து ஊசியில நூல் கோத்தேன்." பரமசிவன் அடித்தார். நான் அடித்தேன். ஆறு பேருக்கும் நடுக்கம்.

"எங்கை நடுங்கல அத்தை," என்றான் நல்லக்கண்ணு.

"தெரியும்ல. சும்மா இரி," என்றாள் முருகம்மாள். பிறகு சுந்தரராஜ் பக்கம் திரும்பினாள். "ஊரே நடுங்குத எடத்துல ஒருத்தனை மட்டும் எப்படித் தள்ளி வைக்க? நடுங்குத குடும்பத்துக்கும் நடுங்குத குடும்பத்துக்கும் பொருத்தந்தான். வெத்தலையை எடுத்து வைங்க அண்ணாச்சி."

சுந்தரராஜ் வெற்றிலைத் தட்டை இரண்டு கையாலும் நீட்டினார். ஒரு பாக்கு கூட உருளவில்லை. முருகம்மாள் அதைப் பார்த்துக்கொண்டே தட்டை வாங்கிக்கொண்டாள்.

5

இந்த இடத்தில் ஒரு முடிவு வர வேண்டும். என்னிடம் இல்லை. அண்ணன் அன்று யாரைக் காப்பாற்றினார்? டிரம்மையா, நல்லக்கண்ணுவையா, எங்கள் அப்பாவையா? நான் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை. உங்களுக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள், யாரும் உங்களைக் கேட்கப்போவதில்லை.

ஆனால் அடுத்து வருவதை உங்கள் விருப்பத்துக்கு விட முடியாது. பரமசிவன் அன்று நடந்ததைத் தெருவில் சொல்ல, தெரு அதில் "எனக்கும் லேசா உண்டு" என்று அண்ணன் சொன்ன ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொண்டது. ஒன்பது வருடமாகியும் டீக்கடையில் அண்ணனுக்கு முக்கால் கிளாஸ்தான் ஊற்றுகிறார்கள், சிந்திவிடுவாராம். பாங்கில் கையெழுத்துப் போடப்போனால் யாராவது காகிதத்தை அழுத்திப் பிடித்துக்கொள்கிறார்கள். அவர் மறுக்க மாட்டார். மறுத்தால் அடுத்த கேள்வி டிரம்மைப் பற்றி வரும் என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். வருகிற கேள்வி வரட்டும்.

சுந்தரராஜுக்குக் கை நடுக்கம் என்று ஊரில் சொல்லுகிறார்கள். தவறு. அவருக்குக் கை நடுக்கம் கிடையாது, ஒருநாளும் இருந்ததில்லை.