பெட்டியைத் திறந்த பிறகு

சட்டக் கல்லூரியில் பயங்கரவாதத் தடுப்புச் சட்டப் பாடம் நடத்துகிறேன். அவ்வப்போது நீதிமன்றம் என்னைக் கூப்பிட்டு, சிறையில் இருக்கும் ஒருவருக்காக வாதாடச் சொல்லும். அரசாங்கத்தின் ரகசிய ஆதாரம் ஒரு பூட்டிய பெட்டியில் வரும். அதை அவரும் பார்க்கக் கூடாது, அவருடைய வக்கீலும் பார்க்கக் கூடாது. நான் மட்டும் பார்க்கலாம். ஆனால் அந்தப் பெட்டியைத் திறந்த பிறகு அவரோடோ அவர் குடும்பத்தோடோ சாகும்வரை ஒரு வார்த்தை பேசக் கூடாது. அவர்கள் என்னிடம் எது வேண்டுமானாலும் சொல்லலாம். நான் தலையைக்கூட ஆட்டக் கூடாது. இந்த விதி நியாயமானது என்று புத்தகமே எழுதியிருக்கிறேன்.

ஆகவே கேட்க வேண்டியதையெல்லாம் முன்பே கேட்டுவிட வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்று தெரியாமலேயே.

இந்த முறை ஒரு ஏசி மெக்கானிக். சிறையில் என் எதிரே உட்கார்ந்ததிலிருந்து அவர் வாய் ஓயவில்லை. மச்சானின் பழைய ஸ்கூட்டர், மாமியாரின் செல்போன், யாரோ ஓட்டல்காரர் வாங்கிய ஃப்ரீசர். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"அதெல்லாம் வேண்டாங்க. விஷயத்துக்கு வாங்க."

"விஷயம் எதுன்னே தெரியலையே மேடம். என்னை எதுக்குப் பிடிச்சாங்கன்னு யாரும் சொல்லல."

மறுநாள் பெட்டியைத் திறந்தேன். ஒரே ஒரு விஷயத்தை வைத்துத்தான் அவரைச் சந்தேகப்பட்டிருந்தார்கள். அதற்கு விளக்கம், அவர் ஆரம்பித்து நான் வெட்டிய கதை ஒன்றில் இருந்திருக்க வேண்டும். பாதிக் கதையோடு நீதிபதி முன்னால் போய் நின்றால் மெக்கானிக் உள்ளேயே கிடக்க வேண்டியதுதான். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

விசாரணைக்கு முன்தினம் அவர் மனைவி என் கல்லூரி அறைக்கே வந்துவிட்டார்.

"நீங்க பேசக் கூடாதுன்னு வக்கீல் சொன்னாரு. பேச வேணாம். 'அந்த மேடம் என் பேச்சை வெட்டி வெட்டி விட்டாங்க, வெட்டினதையெல்லாம் நீ போய் முழுசா சொல்லிட்டு வா'ன்னு எங்க வீட்டுக்காரரு அனுப்பினாரு."

சொன்னார். ஸ்கூட்டரை யார் எடுத்துப் போனது, செல்போன் யார் கையில் இருந்தது, ஃப்ரீசரை எந்தக் கிடங்கில் இறக்கினார்கள், கூட யார் யார் நின்றார்கள். மூன்று கதையில் ஒன்றுதான் எனக்கு வேண்டியது. எது என்று நீங்களும் கேட்காதீர்கள். அது வந்தபோது எழுந்து அந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது. பேனா மூடியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒண்ணாவது பிரயோஜனப்படுமா? கண்ணையாவது சிமிட்டுங்களேன்."

சிமிட்டவில்லை.

"உங்களுக்கெல்லாம் புள்ளகுட்டி இருக்கா?" என்று கேட்டுவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டே போய்விட்டார். கதவைச் சாத்திவிட்டு அழுதேன். அதில் எனக்கு வெட்கமில்லை.

மூடிய அறையில் வாதாடினேன். யாரிடம் போய் விசாரித்தால் உண்மை தெரியும் என்று சொன்னேன். விசாரித்துவிட்டு வந்த அதிகாரிகளின் முகம் தொங்கிப்போயிருந்தது. மெக்கானிக்கை விட்டுவிட்டார்கள். ஏன் விட்டார்கள் என்பதும் ரகசியம்தான்.

சில வாரம் கழித்துக் கடைத்தெருவில் இருவரும் எதிரே வந்தார்கள்.

"அதோ வருது பாருங்க, கல்லுளிமங்கி. வாய் வலிக்கச் சொன்னேன், ஒரு 'ம்' வரல" என்று மனைவி என் காதில் விழும்படியே சொல்லி, முகத்தைத் திருப்பிக்கொண்டார். மெக்கானிக் மட்டும் சிரித்தார்.

"வணக்கம் மேடம். வீட்டுல ஏசி நல்லா ஓடுதா?"

ஓடவில்லை. வீடே வெந்துகொண்டிருக்கிறது. அவரை யாரென்றே தெரியாதவள் போல நேரே பார்த்துக்கொண்டு நடந்தேன்.