பஸ் நிறுத்தத்தில் நின்ற வெள்ளைக் கார்

முதல் நாள் அந்தக் காரைப் பார்த்தபோது, யாரோ பேக்கரியில் டீ குடிக்க வந்தவர்கள் என்றுதான் பூர்ணிமா நினைத்தாள். வெள்ளைக் கார். அவள் நின்ற பஸ் நிறுத்தத்துக்கு எதிர்ப்பக்கம் எஞ்சினை அணைக்காமல் நின்றது. கண்ணாடியெல்லாம் கறுப்பு. உள்ளே எத்தனை பேர், ஆணா பெண்ணா, ஒன்றும் தெரியவில்லை. ஏ.சி. தண்ணீர் மட்டும் அடியில் சொட்டிக்கொண்டிருந்தது.

மறுநாளும் அதே இடத்தில் அதே கார். அவள் ஏறிய டவுன் பஸ்ஸுக்குப் பின்னாலேயே வந்தது. புது ஆற்றுப் பாலத்தில் அவள் இறங்கியதும் அதுவும் நின்றது. வாய்க்கால் கரையில் அவள் நடக்க நடக்க முதுகில் ஏதோ ஊர்வது போல இருந்தது. திரும்பிப் பார்க்கப் பயம். திரும்பாமல் நடக்க அதைவிடப் பயம். வீட்டுப் படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்த பிறகுதான் கார் போகும் சத்தம் கேட்டது.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டு ஆனி மாதம் அது. மேட்டூரில் தண்ணீர் திறக்கவில்லை. ஆற்றில் மணல்தான் ஓடியது. குறுவை போடாமல் அவள் அப்பா அமிர்தலிங்கம் வீட்டுக்கும் வயலுக்குமாக வெறுமனே நடந்துகொண்டிருந்தார். அன்று என்னவோ அவர் முகம் தெளிவாக இருந்தது.

"இன்னைக்கும் அதே பஸ்லதான் வந்தியாம்மா?"

"ஆமாப்பா."

காரைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் வேலைக்குப் போகவேண்டாம் என்று நிறுத்திவிடுவாரோ என்று தோன்றியது. ஒரத்தநாட்டு மருந்துக்கடை வேலை பெரிய வேலையில்லைதான். ஆனால் அது போய்விட்டால் நாள் முழுக்க இந்த வீட்டுச் சுவர்தான். சொல்லாமல் விட்டுவிட்டாள். படுத்தும் தூக்கம் வரவில்லை. காலையில் அம்மா வள்ளியம்மை தலை நிறைய மல்லிகைப்பூ வைத்துவிட்டது கூட மனதில் பதியவில்லை.

அன்று கடையில் மாத்திரையை மாற்றி எடுத்துக் கொடுத்தாள். பில்லைத் தப்பாகப் போட்டாள். சிரிஞ்சுப் பெட்டியிலிருந்து ஊசி ஒன்றை எடுத்து, யாரும் பார்க்காதபோது கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

மத்தியானம் எஸ்.ஐ. பாத்திமா மேரி கால்வலித் தைலம் வாங்க வந்தார். கார்க் கண்ணாடியில் கறுப்பு பிலிம் ஒட்டக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னதிலிருந்து அவருக்கு முச்சந்தியில் நின்று வண்டி பிடிக்கும் வேலை. கால் வீங்கிப் போயிருந்தது. பூர்ணிமா தைலத்தைக் கொடுத்தாள். காசை வாங்கிக்கொண்டு அப்படியே நின்றாள்.

"என்னம்மா? மூஞ்சியெல்லாம் வெளிறிக் கிடக்கு?"

கேட்டதும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். பாத்திமா மேரி குறுக்கே பேசாமல் கேட்டார்.

"சாயங்காலம் நீ எப்பவும்போல போய் நில்லு. நான் பாத்துக்கறேன்."

சாயங்காலம் கார் வந்து நின்றது. பூர்ணிமா பஸ் வரும் திசையைப் பார்க்கவேயில்லை. காரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கைப்பைக்குள் விட்ட கையில் ஊசி. எஸ்.ஐ. வருவாரா, மறந்துவிட்டாரா? ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்றாள்.

பைக்கில் பாத்திமா மேரியும் ஒரு கான்ஸ்டபிளும் வந்து காருக்கு முன்னால் நிறுத்தினார்கள். பாத்திமா மேரி கண்ணாடியைத் தட்டினார். யாரும் இறங்கவில்லை. இன்னும் பலமாகத் தட்டினார். டிரைவர் மட்டும் கதவைத் திறந்துகொண்டு இறங்கினான்.

"கறுப்பு பிலிம் ஒட்டக்கூடாதுன்னு கோர்ட்டே சொல்லியாச்சு. உனக்குத் தனியா வந்து சொல்லணுமா?"

"வாடகை வண்டி மேடம். ஓனர்கிட்ட சொல்லி எடுத்துடறேன்."

"இப்பவே எடு. ஃபைனும் கட்டு."

டிரைவர் நகத்தால் ஓரத்தைச் சுரண்டினான். வரவில்லை. கான்ஸ்டபிள் பிளேடைக் கொடுத்தார். பின்கதவுக் கண்ணாடியில் ஒரு முனை கிளம்பியது. பிடித்து இழுத்தான். சர்ரென்று பிலிம் பிரிந்து வந்தது. பேக்கரியில் நின்றவர்கள் கிளாஸும் கையுமாக வந்து சூழ்ந்துகொண்டார்கள்.

முதலில் தெரிந்தது பட்டுப்புடவை கட்டிய ஓர் அம்மாள். மடியில் முறுக்குப் பொட்டலம். பக்கத்தில் கட்டம்போட்ட சட்டையில் ஓர் இளைஞன், தலையைக் குனிந்தபடி. பூர்ணிமா சாலையைக் கடந்து வந்து நின்றாள். ரவுடிகளை எதிர்பார்த்த கண்ணுக்கு முறுக்கைப் பார்த்ததும் ஒன்றும் புரியவில்லை.

"யாரும்மா நீங்க? மூணு நாளா இந்தப் பொண்ணு பின்னாடி எதுக்குச் சுத்தறீங்க?" என்றார் பாத்திமா மேரி.

அந்த அம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. "நாங்க என்ன திருடவா வந்தோம்? பொண்ணு பாக்க வந்தோம். இவன் என் மகன் பரணிதரன். சிங்கப்பூர்ல வேலை. லீவு முடியப்போவுது, ஆடியும் வந்துரும். நடை உடை பாவனையைக் கண்ணால பாத்துட்டா முடிவு பண்ணிடலாம்னு இருந்தோம். முத நாளு துப்பட்டாவ முகத்துல சுத்தியிருந்துச்சு. அடுத்த நாளு முதுகுதான் தெரிஞ்சுது."

"யாரைக் கேட்டு வந்தீங்க?" என்றாள் பூர்ணிமா.

"உங்க அப்பாவைக் கேட்டுத்தான். எங்க நிப்ப, எந்த பஸ்ல வருவேன்னு அமிர்தலிங்கம்தானே சொன்னாரு!"

பூர்ணிமாவுக்குக் காது அடைத்துப் போயிற்று. பரணிதரன் இறங்கி வந்து, "சாரிங்க" என்றான். அவனை நேராகப் பார்த்தாள். அவனால் அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை.

"புகார் எழுதித் தர்றியாம்மா?" என்று பாத்திமா மேரி கேட்டார்.

"வேண்டாம் மேடம்."

பஸ் வந்தது. "வாம்மா, நாங்களே வீட்ல விட்டுர்றோம்" என்றார் அந்த அம்மாள், எதுவுமே நடக்காததுபோல. பூர்ணிமா ஓடிப்போய் பஸ்ஸில் ஏறிக்கொண்டாள்.

அவள் வீட்டுக்கு வருவதற்குள் அந்த அம்மாளிடமிருந்து போன் வந்திருந்தது. அமிர்தலிங்கம் வாசலிலேயே நின்றார்.

"நடுரோட்டுல போலீஸ விட்டு மானத்த வாங்கிட்டியே! என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"நீங்க என்கிட்ட கேட்டீங்களாப்பா?" கைப்பையைத் தரையில் கவிழ்த்தாள். டிபன் பாக்ஸோடு ஊசியும் விழுந்து உருண்டது. "எவனோ தூக்கிட்டுப் போயிருவான்னு இத கையில பிடிச்சுக்கிட்டு நின்னேன். குத்தியிருப்பேன்ப்பா. கார்லேருந்து எவனாவது இறங்கிக் கிட்ட வந்திருந்தா கண்ண மூடிக்கிட்டுக் குத்தியிருப்பேன்."

அமிர்தலிங்கம் ஊசியைப் பார்த்தார். வள்ளியம்மை அடுப்படிக் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அமிர்தலிங்கம் குனிந்து ஊசியை எடுத்து ஓரமாக வைத்தார். "போன தடவை பூதலூர்க்காரங்க வந்து பாத்துட்டு வேணாம்னு போனாங்க. அதுக்கு முன்னாடி ஒருத்தன். நீ சோறு திங்காம கெடந்ததப் பாத்தேன். இவங்க தூரத்துல பாத்து வேணாம்னா உனக்குத் தெரியாமலே போயிரும்ல. அதான்."

அது பொய்யில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும் மனம் ஆறவில்லை. அன்று சாப்பிடாமலே படுத்தாள். வெளியே அப்பா போனில் யாரிடமோ, "எம்பொண்ணு பயந்து செத்திருக்காங்க. நீங்களும் நானும் பண்ணது தப்புதாங்க" என்று சொல்வது கேட்டது.

இரண்டு நாள் கழித்து பரணிதரன் தனியாக மருந்துக்கடைக்கு வந்தான். தலைவலி மாத்திரை கேட்டான். கொடுத்தாள்.

"எங்கம்மா வேணாம்னுட்டாங்க. போலீசுக்குப் போற பொண்ணு சரிப்படாதுன்னு. நான் அதுக்காக வரல. உங்க அப்பா ஊசி விஷயத்தைச் சொன்னாரு. அதுலேருந்து எனக்குத் தூக்கமில்ல."

பூர்ணிமா மீதிச் சில்லறையை எண்ணி வைத்தாள்.

"அன்னைக்கு நீங்க எங்க வண்டியவே பாத்துக்கிட்டு நின்னீங்க. பயந்திருக்கீங்கன்னு தெரிஞ்சுது. இறங்கிரலாம்னு நெனச்சேன்."

"ஏன் இறங்கல?"

அவன் மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அடுத்து நின்றவர் மருந்துச் சீட்டை நீட்டினார். "சாப்பிட்டுட்டுப் போடுங்க" என்று மட்டும் அவனிடம் சொல்லிவிட்டு அவள் சீட்டை வாங்கிக்கொண்டாள். அடுத்த வாரம் அவன் சிங்கப்பூர் போய்விட்டதாகக் கல்யாணத் தரகர் சொன்னார்.

ஆவணியில் திருவாரூர்ப் பக்கமிருந்து ஒரு வரன் வந்தது. அமிர்தலிங்கம் போட்டோவைக் கொண்டுவந்து முதலில் அவளிடம் கொடுத்தார். கொடுத்துவிட்டுப் போகாமல், மேல்துண்டைத் தோளில் மாற்றி மாற்றிப் போட்டபடி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"யோசிக்கணும்ப்பா" என்றாள்.

"யோசிம்மா" என்றார்.