வெள்ளிங்கிரி அண்ணன் ஓடும் பதிப்பு

சர்வருக்குப் புதிய மென்பொருளை வாங்கி, அதற்குப் பதிலாக 2012ஆம் ஆண்டுப் பதிப்பை ஏற்றியதிலிருந்து எங்கள் அலுவலகத்துக்குள் 2012ஆம் ஆண்டு நடந்துகொண்டிருக்கிறது. கேட்டுக்கு வெளியே வழக்கமான ஆண்டுதான்.

பீளமேட்டில் நாங்கள் தண்ணீர் பம்புகள் செய்கிறோம். சர்வரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. எங்கள் பில் போடும் புரோகிராம் புதிய பதிப்பில் ஓடாது. பழைய பதிப்போ விற்பனையில் இல்லை. லைசென்ஸ் விற்கும் பெலிக்ஸ்தான் வழி சொன்னார்.

"புதுசை வாங்குங்க மேடம். புதுசுக்கு லைசென்ஸ் இருந்தா பழசை ஓட்டலாம். பழசு மட்டும் வேணும்னு கேட்டா யாரும் தரமாட்டாங்க."

பழைய சிடியைப் பக்கத்து பவுண்டரியில் இரவல் வாங்கி வந்தேன். அதற்குத் தடை இல்லை. ஏற்றி முடித்த மறுநாள் காலை, சுவர்களில் பழைய பச்சை பெயின்ட் இருந்தது. கணக்குப் பிரிவில் வெள்ளிங்கிரி அண்ணன் உட்கார்ந்து பேனாவை உதறிக்கொண்டிருந்தார். 2018இல் மாரடைப்பில் இறந்தவர் அவர். நான் வேலைக்குச் சேர்ந்தது 2015இல் என்பதால் அவருக்கு என்னைத் தெரியவில்லை.

"யாருங்க அம்மிணி?"

"கோகிலவாணிங்கண்ணா. சர்வர் பாக்கறேன்."

"உக்காருங்க" என்றார். 2012இல் எனக்கு நாற்காலி கிடையாது. நின்றுகொண்டே வேலை பார்த்தேன்.

செய்தி அண்ணன் வீடு இருக்கும் சிங்காநல்லூர் வரை போய்விட்டது. அவர் மனைவி மயிலாத்தாள் டிபன் கேரியரோடு கேட்டில் வந்து நின்றார். அவரை அப்படியே உள்ளே விட முடியாது. சர்வர் தருவதை எந்த வகையில் பெறுகிறவராக இருந்தாலும் ஆளுக்கு ஓர் அணுகல் உரிமம் வேண்டும். வெள்ளிங்கிரி அண்ணன் சர்வர் தருவது. வேலையை விட்டுப் போன டெஸ்பாட்ச்காரர் ஒருவரின் உரிமம் சும்மா கிடந்தது. அதை மயிலாத்தாள் பெயருக்கு மாற்றினேன்.

முழுக்க நரைத்திருந்த மனைவியை அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். "ஏன் மயிலு, பஸ்ஸு கெடைக்கலயா?"

"ஆமாங்க, லேட்டாயிருச்சு" என்று சொல்லி அந்தம்மா சோற்றைப் பிசைய வசதியாகத் தட்டை நகர்த்தி வைத்தார்.

அவர் சாப்பிட்டு முடிப்பதற்குள் மயிலாத்தாள் என்னைத் தனியே அழைத்துக்கொண்டு போனார். "அம்மிணி, இவரை இப்பவே டாக்டர்கிட்டக் காட்டிட்டா அந்த நெஞ்சு வலி வராதில்லீங்க?"

எனக்குத் தெரியவில்லை. பெலிக்ஸுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"பழைய பதிப்புக்குத் திருத்தம் போடறதை நிறுத்திட்டாங்கம்மா" என்றார் அவர். "குறை என்னன்னு தெரிஞ்சாலும் அப்படியேதான் இருக்கும்."

"வெளிய கூட்டிட்டுப் போனா?" என்று மயிலாத்தாள் கேட்டார்.

"வெளிய நடக்கறது புதுப் பதிப்பு. அதுல அவர் இல்லையேம்மா."

மயிலாத்தாள் போனுக்கு இன்னும் கிட்டே வந்தார். "இங்க இந்த வருசம் முடிஞ்சு அடுத்த வருசம் வருங்களா?"

"வராதும்மா. பதிப்பு தானா முன்னால நகராது."

"அப்பச் சரி" என்று சொல்லிவிட்டுக் கேரியரைக் கழுவப் போனார். அதன்பின் தினமும் மதியம் வந்தார்.

தொல்லை லாரிகளில் வந்தது. 2012இல் ஜி.எஸ்.டி. கிடையாது. எங்கள் பில்கள் எல்லாம் வாட் வரி போட்டுப் போயின. வாங்கியவர்கள் பம்புகளை ஏற்றிய லாரியிலேயே திருப்பி அனுப்பினார்கள். முற்றம் நிறைந்ததும் முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"பில் புரோகிராமைப் புதுசா எழுதச் சொல்லிட்டேன். நீங்க புதுப் பதிப்பையே ஏத்திருங்க."

அண்ணனிடம் சொல்லாமல் செய்ய எனக்கு மனம் வரவில்லை. சொன்னேன்.

"புதுசுல என் சீட்டுல யாருங்க அம்மிணி?"

"யாரும் இல்லீங்கண்ணா. தண்ணி கேன் வச்சிருக்கோம்."

அவர் ஜன்னலைப் பார்த்தார். "இங்க சாயங்காலம் வெயில் அடிக்கும். கேனுக்கு ஆகாது. கொஞ்சம் நகத்தி வைங்க" என்றார். பிறகு பில் போடத் தொடங்கினார்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு அந்தக் கேன்களே கண்ணில் நின்றன. மயிலாத்தாள் நாளைக்கும் கேரியரோடு வருவார். போனை எடுத்து உரிம ஒப்பந்தத்தை முதல் வரியிலிருந்து படித்தேன். நாங்கள் யாரும் அதைப் படித்ததில்லை. சம்மதம் என்று மட்டும் அழுத்தியிருந்தோம். புரியாத இடங்களில் பெலிக்ஸைக் கேட்டேன். அவரும் படித்திருக்கவில்லை. ஆனால் பொறுமையாகக் கூடவே படித்தார். எங்கள் உரிமத்துக்கு ஒரே மெஷினுக்குள் இரண்டு பிரதிகளை ஓட்டலாம். இரண்டும் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை.

கீழ்த்தளத்தில் புதிய பதிப்பை ஏற்றினேன். மாடியில் பழையது. கீழே ஜி.எஸ்.டி.யோடு பில் போகிறது, லாரிகள் திரும்புவதில்லை. எனக்கு நாற்காலியும் கிடைத்துவிட்டது. மாடியில் வெள்ளிங்கிரி அண்ணன் வாட் வரி போட்டு அழகாக பில் தயாரிக்கிறார். அவற்றை யாரும் எங்கும் அனுப்புவதில்லை. மயிலாத்தாளுக்கு மூட்டு வலி. கைப்பிடியைப் பிடித்து நின்று நின்று ஏறுகிறார். இறங்கும்போது அவ்வளவு சிரமம் தெரிவதில்லை.

இவ்வளவு விசாரித்த வாடிக்கையாளர் வேறு யாரும் இல்லை என்று பெலிக்ஸுக்கு எங்கள்மேல் மரியாதை. வரப்போகும் ஏதோ ஓர் ஆண்டின், இன்னும் வெளிவராத பதிப்பு ஒன்றைச் சோதித்துப் பார்க்கத் தந்தார். சோதனைப் பதிப்பு அந்த இரண்டு பிரதிக் கணக்கில் சேராது. அதை மொட்டை மாடிக்கு ஏற்றினேன்.

காலையில் போய்ப் பார்த்தால் அங்கே கடல் இருந்தது. தொட்டியைத் தாண்டி அவினாசி ரோடு பக்கம் முழுக்கத் தண்ணீர். பெலிக்ஸைக் கேட்டதற்கு, சோதனைப் பதிப்பில் முழங்கால் வரைக்கும்தான் அனுமதி என்றார். டீ நேரத்தில் எல்லோரும் மேலே போய், பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு முழங்கால் அளவுத் தண்ணீரில் நிற்கிறோம். முதலாளியும் வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி வந்து நிற்கிறார். பெரிய அலை வரும்போது மட்டும் எல்லோரும் ஓரடி பின்னால் வந்துவிடுகிறோம்.