ராஜலிங்கத்துக்கும் ஒரு பங்கு

மடவளைக் கடைத்தெருவில் அரிசிக் கிட்டங்கி பற்றி எரிந்தபோது உள்ளே போன இருவர் திரும்பி வரவில்லை. ஒருவர், கடைக்காரர் சங்கத்தின் தீயணைப்புக் குழுவில் இருந்த ஹலீம். மற்றவர், மூட்டை தூக்கிப் பிழைத்த ராஜலிங்கம்.

தீயணைக்கப் போய் இறப்பவரின் குடும்பத்துக்கு மாத உதவி கொடுப்பதா என்று சங்கம் வாக்கெடுக்க இருந்தது. ஆனால் குழுவில் சேர்ந்தவர்களுக்கு மட்டும் என்பதே தீர்மானம். கூட்டத்துக்குப் புறப்பட்ட சங்க உறுப்பினர் நளீரை அவர் தங்கை றலியா நிறுத்தினாள். ஹலீமின் மனைவியான அவள், கணவனை இழந்தவள் வீட்டோடு தங்கியிருக்கும் இத்தாவில் இருந்தாள்.

“நானா, எங்களுக்கு மட்டுமெண்டா எனக்கு வாணாம். ராஜலிங்கத்துட பொஞ்சாதி வடிவம்மாவும் என்னப் போல புருசன இழந்தவதானே?”

“ராஜலிங்கத்தையும் சேர்த்தா எல்லாமே தோத்துப் போகும், தங்கச்சி. புள்ளைகள யோசிச்சியா?”

“யோசிச்சுத்தான் சொல்றேன்.”

மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு கூட்டம் கூடியது. நளீர் எழுந்து தங்கை கேட்டதைச் சொன்னதும் ஒரே இரைச்சல். தலைவர் சாஹுல் ஹமீது கையை உயர்த்தினார்.

“ரெண்டையும் சேர்த்து ஒரே வாக்குத்தான், நளீர். தோத்தா உங்கட தங்கச்சிக்கும் ஒண்ணுமில்ல. சம்மதமா?”

 தங்கையின் கடைக்குட்டி இன்னும் நடக்கக்கூடப் பழகவில்லை.

“சம்மதம்.”

ஆதரவுக்குப் பாக்கு, எதிர்ப்புக்குப் புளியங்கொட்டை. பானை ஒவ்வொருவராகச் சுற்றி வந்தது. பாயில் கொட்டி எண்ணினார்கள். சரிக்குச் சரி. முடிவு தலைவர் கையில். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“யோசிக்க என்ன ஈக்கி?” புடவைக்கடை மஹ்ரூப் கத்தினார். “கூலிக்காரன் தானா வந்தான், தானா உள்ள போனான்!”

“தானா வரல்ல.” தலைவர் அவரை மறித்தார். “கதவ உடைக்க ஆள் காணாம நான்தான் ரோட்டுல போனவரக் கூப்பிட்டேன். மூட்டையப் போட்டுட்டு ஓடி வந்தார்.”

அவர் ஒரு பாக்கை எடுத்துப் பாயில் வைத்தார். மஹ்ரூப் சால்வையை உதறிக்கொண்டு வெளியேறினார்.

நளீர் வீட்டுக்குப் போகாமல் நேரே வடிவம்மாவின் அறைக்குப் போனார். வாசலில் நின்றே நடந்ததைச் சொன்னார். அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

“உங்க தங்கச்சியா கேட்டாங்க?”

“ஓ, அவதான்.”

“அவங்களப் பாக்க நான் வரலாமுங்களா?”

“இப்பவே வாங்க,” என்றார் நளீர்.